இணை மேலாண்மைக் குழுவில் சேரும்முன் கிராம சபை எதையெல்லாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்?

கேள்வி — இட்டவர்: மலைத்தொட்டி

அனைவருக்கும் வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஒரு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கும் பழங்குடி ஊர்களில் கல்விப் பணி செய்துவருகிறேன். அந்த ஊர்களின் முன் அண்மையில் ஒரு யோசனை வைக்கப்பட்டிருக்கிறது. காப்பகத்தை வனத்துறையும் மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது, அதற்காக ஊருக்கு ஒரு குழு அமைப்பது, குழுவில் சேரும் குடும்பங்களிலிருந்து தீத்தடுப்புக் காவலர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் எடுத்துக்கொள்வது, சுற்றுலா வருமானத்தில் ஒரு பகுதியை ஊர் நிதிக்குத் தருவது என்பது அதன் சாரம். கூலி வேலைக்காகச் சமவெளிக்கு இறங்க வேண்டியதில்லை என்பதால் இளைஞர்கள் பலர் இதை வரவேற்கிறார்கள். அவர்களுடைய எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது.

மூத்தவர்கள் கேட்பது வேறு. தேன் பாறைக்கு எந்த மாதம் போகலாம், எந்த ஓடையருகே மாடு மேயலாம், குலதெய்வம் இருக்கும் இடத்துக்கு எந்த வழியில் போகலாம் என்பதை இனி யார் முடிவு செய்வது? குழுவில் ஊர் ஒன்றைச் சொல்லி அதிகாரி வேறொன்றைச் சொன்னால் எது நிற்கும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

பழங்குடி மக்களோடு சேர்ந்து காப்பகங்களை நிர்வகிப்பது எங்கேனும் உண்மையாகவே நடக்கிறதா, நம் சட்டத்தில் அதற்கு என்ன இடம் இருக்கிறது, கிராம சபை எவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்துக்கு முன் ஊர்மக்களிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி — இட்டவர்: சட்டம் படிப்பவர்

முதலில், அமைக்கப்படுவது எந்தச் சட்டத்தின் கீழான குழு என்று கேளுங்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நம் நாட்டில் இரண்டு வேறுபட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன. கூட்டு வன மேலாண்மை என்பது 1990 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கையிலிருந்து வளர்ந்தது. அதன்படி அமைந்த கிராம வனக் குழுக்களும், சரணாலயங்களில் அமைந்த சூழல் மேம்பாட்டுக் குழுக்களும் நிர்வாக ஆணையால் பிறந்தவை. இன்னொரு ஆணையால் அவற்றைக் கலைத்துவிடவும் முடியும். பெரும்பாலான இடங்களில் வனத்துறை ஊழியரே செயலாளராக இருப்பதால், தீர்மானப் புத்தகமும் வங்கிக் கணக்கும் அவர் கையெழுத்தில்தான் நகரும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அப்படியன்று. ஊர் வழிவழியாகக் காத்துவந்த காட்டைச் சமூக வன வளமாக ஏற்று, அதைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையை அதன் 3-ஆம் பிரிவு அங்கீகரிக்கிறது. வனவிலங்குகளையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தை 5-ஆம் பிரிவு கிராம சபைக்குத் தருகிறது. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் இந்தச் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்று யாராவது சொன்னால், வன நிலம் என்பதன் வரையறையில் அவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். உரிமைகளைத் தீர்மானிக்கும் பணி முடியாமலும், கிராம சபையின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமலும் ஒருவரையும் இடம்பெயர்க்க முடியாது என்று 4-ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை அலைக்கழித்தே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2008 முதல் 2016 வரை உரிமைப் பத்திரங்கள் வழங்குவது தடைப்பட்டுக் கிடந்தது. முக்கியப் புலி வாழிடங்களில், அதாவது காப்பகங்களின் உள்மையப் பகுதிகளில், உரிமை வழங்க வேண்டாம் என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2017 மார்ச்சில் உத்தரவிட்டு, மறு ஆண்டு அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், அத்தகைய வாழிடங்களில் 591 ஊர்களும் 64,801 குடும்பங்களும் இருப்பதாகக் குறிப்பிட்டு, அவர்களை வெளியேற்றுவதற்கான கால அட்டவணையைக் கேட்டது. ஆகவே, சமூக வன வள உரிமைக்கான கோரிக்கையைத் தாக்கல் செய்யாமல், நிர்வாக ஆணையால் அமையும் குழுவில் மட்டும் சேர்ந்துவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உரிமை கைக்கு வந்தபின் குழுவில் அமரும் ஊர் தன் காட்டைப் பற்றிப் பேசும். அதற்கு முன் அமரும் ஊர் வேலைவாய்ப்பைப் பற்றி மட்டுமே பேச முடியும்.

மறுமொழி — இட்டவர்: சாமராஜநகர் வாசகர்

பக்கத்திலேயே, கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலையை ஊர்மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சத்தியமங்கலம் காடுகளுடன் தொடர்ந்து கிடக்கும் காடு அது; இரு பக்கங்களிலும் சோளகர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள்.

1974-இல் அந்த மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1987-இல் அதன் பரப்பு ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. சரணாலயம் வந்தபோது சோளகர்களின் இடம்மாற்றுச் சாகுபடியும் வேட்டையும் முடிவுக்கு வந்தன. காட்டுக்குள் சிதறியிருந்த குடும்பங்கள் போடு எனப்படும் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டன. அதன்பின் தேன், நெல்லிக்காய், சீயக்காய், பாசி ஆகியவற்றைச் சேகரித்துப் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தைக் காட்டி, அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்காகச் சேகரிப்பதும் தடுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் புலிகள் காப்பக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகள் சமூக வன உரிமைப் பத்திரங்களைப் பெற்றன. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை அங்கீகரிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அந்த உரிமைக் கோரிக்கைக்கு வலுவூட்டியவற்றுள் ஒன்று வரைபடம். சோளகரின் ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் எல்லை வகுத்த ஒரு பகுதி உண்டு. அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு ஆகிய தெய்வங்களின் இடங்களும், முன்னோரின் புதைவிடக் கற்களான கல்லுகுடிகளும், அப்பி எனப்படும் நீரூற்றுகளும் இருக்கின்றன. மூத்தவர்கள் ஆய்வாளர்களோடு காடெங்கும் நடந்து, இத்தகைய நூற்றுக்கணக்கான இடங்களை செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியின் துணையால் குறித்தார்கள். வனத்துறையின் வரைபடத்தில் வெறும் சரக எண்களாக இருந்த காடு, இவர்களுடைய வரைபடத்தில் பெயர்களால் நிறைந்திருந்தது. உங்கள் ஊர்களில் இந்த வேலை இன்னும் தொடங்கியிராவிட்டால், மூத்தவர்கள் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

ஆனால் இந்தக் கதையின் மற்றப் பாதியையும் சொல்லியாக வேண்டும். கோடையின் தொடக்கத்தில், புல்லில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, தரையில் கிடக்கும் சருகுகளை மட்டும் தணிவாக எரியவிடும் வழக்கம் சோளகர்களிடம் இருந்தது. அதைத் தரகு பெங்கி என்பார்கள். சுடர் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. காட்டை ஆக்கிரமிக்கும் அயல் களையான உண்ணிச்செடியின் கன்றுகள் அதில் கருகும், நெல்லி மரங்களைப் பிடிக்கும் புல்லுருவி கட்டுக்குள் இருக்கும், மழை வந்ததும் மானுக்கும் காட்டெருமைக்கும் புதுப்புல் கிடைக்கும் என்பது அவர்களுடைய விளக்கம். சரணாலயம் ஆனபின் எல்லாத் தீயும் குற்றமாயிற்று. பின்னர் நடந்த ஆய்வில், 1997-க்கும் 2008-க்கும் இடையில் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. இப்போது கடுங்கோடையில் தீப்பிடித்தால், அது ஆளுயர உண்ணிப் புதரில் ஏறி மரத்தின் கிளைகளைத் தொடுகிறது.

உரிமைப் பத்திரம் நிர்வகிக்கும் உரிமையைத் தந்துவிட்டது. சோளகர்கள் தங்களுக்கென ஒரு மேலாண்மைத் திட்டத்தையும் வரைந்தார்கள். எனினும், வனவிலங்குச் சட்டத்தின்படி மாநில அரசு தயாரிக்க வேண்டிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் தனியாக இருக்கிறது. ஒரே காட்டுக்கு இரண்டு திட்டங்கள் இருந்து, அவை முரண்படும்போது இருவரும் சமமாக அமர்ந்து தீர்க்கும் இடம் சட்டத்தில் வகுக்கப்படாததால், அன்றாட நடைமுறையில் துறையின் சொல்லே நிற்கிறது. உங்கள் மூத்தவர்கள் கேட்ட இரண்டாவது கேள்வி இதையேதான் தொடுகிறது. அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

மறுமொழி — இட்டவர்: கானுயிர் ஆய்வு

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் வனவிலங்குகளின் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்வது என் கடமை.

பிலிகிரி ரங்கன் மலையில் 2010-இல் 35 ஆக இருந்த புலிகள் 2014-இல் 68 ஆயின என்பதை எடுத்துக்காட்டி, உரிமை தந்ததால்தான் புலி பெருகியது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த முடிவுக்கு நான் வர மாட்டேன். சுற்றிலும் பந்திப்பூர், முதுமலை, சத்தியமங்கலம் எனத் தொடர்ந்து கிடக்கும் நிலப்பரப்பில் புலிகள் இடம்விட்டு இடம் செல்லும். ஒரு காப்பகத்தின் எண்ணிக்கை உயர்வதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அந்த எண்களிலிருந்து துணிந்து சொல்லக்கூடியது ஒன்றுதான்: மக்களுக்கு உரிமை தந்தால் புலி அழிந்துவிடும் என்று அன்று எழுந்த அச்சம் நிறைவேறவில்லை. அதுவே போதுமான வலுவுள்ள செய்தி.

நெல்லிக்காய் பறிப்பதால் மரங்கள் அழிகின்றன என்ற குற்றச்சாட்டையும் இதே நிதானத்தோடு பார்க்க வேண்டும். அந்த மலையில் நெல்லி மரங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், காய் பறிப்பதைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியுமே பெரிய நெருக்கடி என்று காட்டின. அந்தக் கணக்கெடுப்பில் சோளகர்களும் பங்கேற்றார்கள் என்பதால்தான் முடிவுகளை இரு தரப்பும் ஏற்க முடிந்தது. தீயைப் பற்றிய அவர்களது விளக்கத்தையும் அதே முறையில், சிறு பகுதிகளில் எரித்தும் எரிக்காமலும் விட்டு, சேர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. உண்ணிச்செடி அடர்ந்துவிட்ட காட்டில் பழைய தீ பழைய மாதிரியே நடந்துகொள்ளாது. செடியை முதலில் வெட்டி அகற்றாமல் எரித்தால் விளைவு விபரீதமாகலாம்.

சேர்ந்து வேலை செய்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்தின் வாழச்சால் காட்டைப் பாருங்கள். இருவாச்சிப் பறவை பெரிய மரப்பொந்தில் கூடு கட்டும்; பெட்டைப் பறவை உள்ளே அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை சிறு பிளவு வழியாக இரை ஊட்டும். அதே பொந்து ஆண்டுதோறும் பயன்படுவதால், எந்த மரம் என்று அறிந்தவரே அதைக் காக்கவும் முடியும், குஞ்சை எடுக்கவும் முடியும். முன்பு உணவுக்காகக் குஞ்சுகளை எடுத்துவந்த காடர் பழங்குடியினர், கடந்த இருபது ஆண்டுகளாக அந்தக் கூடுகளின் காவலர்களாகவும் கணக்கெடுப்பவர்களாகவும் இருக்கிறார்கள். 2014-இல் அங்கே ஒன்பது காடர் ஊர்களுக்குச் சமூக வன வள உரிமையும் கிடைத்தது. முதலில் வேலையும் பின்னர் உரிமையும் வந்த இடம் அது. ஆகவே காவலர் வேலையை அற்பமாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்று இளைஞர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் ஊர்களிடம் நான் எதிர்பார்ப்பது, மாடுகளின் எண்ணிக்கையையும் மேய்ச்சல் எல்லையையும் ஊரே வரையறுக்க வேண்டும் என்பது. வெளியூர்க்காரர்களின் மாடுகள் பழங்குடி ஊர்களின் பெயரில் காட்டுக்குள் வந்து தங்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவை காட்டெருமைக்கும் கடமானுக்கும் நோயைக் கொண்டுவரும். பழி மட்டும் பழங்குடிகள் மேல் விழும்.

மறுமொழி — இட்டவர்: வடமேற்குக் கரை

நான் கனடாவின் மேற்குக் கரையில் வசிப்பவன். முரண்பாடு வந்தால் யார் சொல் நிற்கும் என்ற கேள்வியை நேராக எதிர்கொண்ட ஓர் ஏற்பாடு இங்கே இருப்பதால் எழுதுகிறேன்.

ஹைடா குவாய் என்ற தீவுக்கூட்டத்தின் தென்பகுதி குவாய் ஹானாஸ். அங்கே மரவெட்டு நிறுவனங்கள் பழங்காட்டை அழித்துக்கொண்டிருந்தபோது, 1985-இல் அங்குள்ள லயல் தீவில், அத்தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் சாலையை மறித்து நின்றார்கள். மூத்தவர்கள் உட்பட 72 பேர் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக மரவெட்டு நின்றது. 1993-இல் ஹைடா தேசிய மன்றமும் கனடா அரசும் குவாய் ஹானாஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அந்த ஒப்பந்தம் நிலம் யாருடையது என்பதில் அன்று உடன்பாடு இல்லை என்பதை மறைக்கவே இல்லை. இது தங்கள் பரம்பரை நிலம் என்று ஹைடா மக்கள் கூறியதும், இது அரசின் நிலம் என்று கனடா அன்று கூறியதும் பக்கம் பக்கமாக, இரண்டு பத்திகளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. உரிமைச் சிக்கல் தீரும்வரை காடு காத்திருக்க முடியாது என்பதால், அதை அப்படியே வைத்துவிட்டு, காப்பதில் ஒன்றுபடுவது என்று முடிவு செய்தார்கள். நிர்வாகத்துக்கென ஒரு மேலாண்மை வாரியம்; இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள். வாரியம் ஒருமித்த கருத்துக்கு வர முயல வேண்டும். முடியாவிட்டால் விஷயம் இரு அரசுகளுக்கும் மேலே அனுப்பப்படும். அதுவரை அந்த முடிவு நிறுத்திவைக்கப்படும். ஒரு தரப்பு தன் விருப்பப்படி நடந்துகொண்டு, பிறகு பேசலாம் என்று சொல்ல இடமில்லை. 2010-இல் இதே முறை கடற்பகுதிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பழைய ஊர்த்தலங்களில் கோடைக்காலத்தில் தங்கிக் காவல் காக்கும் ஹைடா காவலர்கள், இந்த ஒப்பந்தத்துக்கும் முன்பே, 1981-இலேயே மக்கள் தாங்களாகத் தொடங்கிய முயற்சி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாரியத்தில் பெரும்பான்மை இருந்தால் எல்லாம் உடனே கைகூடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறை 1985 அக்டோபர் 26 அன்று அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அன்றே அவர்கள் அந்த நிலத்தை அரசுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. நிர்வாக வாரியத்தில் அவர்களே பெரும்பான்மை. அப்படியிருந்தும், ஏற வேண்டாம் என்று அவர்கள் காலங்காலமாகக் கேட்டுக்கொண்ட அந்தப் பாறையில் பயணிகள் ஏறுவதை நிறுத்தும் தீர்மானம் 2017-இல்தான் வந்தது. தடை 2019 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இடையில் 34 ஆண்டுகள். சுற்றுலா வருமானத்தில் பங்கு தருவதாக உங்கள் ஊர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். வருமானம் சுற்றுலாவோடு பிணைக்கப்படும்போது, சுற்றுலாவை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் துணிவு இரு தரப்பிலும் குறைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்: மலைத்தொட்டி

மிக்க நன்றி. ஊர்மக்களிடம் படித்துக் காட்டுவதற்கு நிறையக் கிடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மேலும் கேட்கிறேன். கனடாவில் இருப்பதுபோல இரு அரசுகள் சமமாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு நம் சட்டத்தில் வழியில்லை. அப்படியானால், கிராம சபை தன் அளவில், இப்போதே, என்ன செய்ய முடியும்? குழுவில் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டால் இளைஞர்களுக்கு வரும் வேலையும் போய்விடும் என்ற கவலையும் இருக்கிறது.

மறுமொழி — இட்டவர்: சட்டம் படிப்பவர்

வேலையையும் உரிமையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. காவலர் வேலைக்கு ஆட்களை எடுப்பதற்குக் குழுவின் உறுப்பினர் என்ற நிபந்தனை சட்டப்படி தேவையில்லை. அதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே சுட்டிக்காட்டலாம்.

சமூக வன வள உரிமைக்கான சி படிவத்தை, மேலே நண்பர் சொன்ன வரைபடத்தோடும் மூத்தவர்களின் வாக்குமூலங்களோடும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். அதை நிறைவேற்றும் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். கோரிக்கை கிராம சபையிலிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும், பின்னர் மாவட்ட அளவிலான குழுவுக்கும் செல்லும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை ஒவ்வொரு படியிலும் கேட்டு வாங்குங்கள்.

காடும் வனவிலங்கும் காக்கும் குழுவைக் கிராம சபையே அமைத்துக்கொள்ள வன உரிமை விதிகளின் 4-ஆவது விதி இடம் தருகிறது. மேலாண்மைத் திட்டத்தை அந்தக் குழு தயாரிக்கும். அதில் மாற்றம் செய்வதற்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். வனத்துறை அமைக்க விரும்பும் குழுவோடு பேச்சு நடத்தப் போவது இந்தக் குழுவாக இருக்கட்டும். கானுயிர் ஆய்வாளர் கேட்ட மேய்ச்சல் எல்லை, மாடுகளின் எண்ணிக்கை, தேன் எடுக்கும் பருவம் ஆகியவற்றை ஊரே விவாதித்துத் திட்டத்தில் எழுதுங்கள். கட்டுப்பாட்டைத் தானே எழுதிக்கொண்ட ஊரிடம் மற்றவர் கட்டுப்பாடு விதிப்பது கடினம்.

துறையோடு செய்துகொள்ளும் எந்த உடன்படிக்கையிலும் மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இதில் கையெழுத்திடுவதால் வன உரிமைச் சட்டத்தின் கீழான எந்த உரிமையும் குறையாது என்பது ஒன்று. ஊர் எதிர்ப்புத் தெரிவித்த செயல், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதானாலும் சுற்றுலாப் பாதை அமைப்பதானாலும், கிராம சபை கூடி விவாதிக்கும்வரை தொடங்கப்படாது என்பது இன்னொன்று. கனடா நண்பர் சொன்ன நிறுத்திவைப்பை நம் அளவில் கொண்டுவர இதுவே வழி. தீர்மானப் புத்தகத்தின் மூலப் பிரதி கிராம சபையிடம் இருக்க வேண்டும், அது தமிழில் எழுதப்பட்டுக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டப்பட வேண்டும் என்பது மூன்றாவது. இரண்டாவது வரிக்குத்தான் எதிர்ப்பு வரும். அதை நீக்கச் சொன்னால், யார் சொன்னார்கள், என்ன காரணம் கூறினார்கள் என்பதையும் அன்றைய தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.